நகைப்பதற்கும் கல்வி வேண்டுமோ?

ஒரு கலையின் வரலாறறியாதார் அக்கலையைப் பரிகசிக்கும் படத்தைக் கண்டு இன்புறுதல் இயலாதென்றும், அங்ஙனம் நகைப்பார் பிறர் நகைக்கக் கண்டு நகைப்பாரே என்றும் கற்றார் சிலர் கூறுவர். இதனை அஞ்சி, மாணவருட் சிலர் இத்தகைய படங்களை ஒதுக்குகின்றனர். சிலர் விளங்கியதுபோல் நடிக்கின்றனர். ஆதலின் இக்கூற்றை ஆராய்தல் நன்று.

1984-ஆம் ஆண்டில் ராப் ரைனர் இயக்கத்தில் வெளிவந்த ‘திஸ் இஸ் ஸ்பைனல் டேப்’ என்னும் அமெரிக்கத் திரைப்படத்தை எடுத்துக்கொள்வோம். ஸ்பைனல் டேப் என்பது கற்பனையானதோர் ஆங்கில ராக் இசைக்குழு. புகழ் தேய்ந்த காலத்தில் அக்குழுவினர் அமெரிக்காவில் ஊர் ஊராகச் சென்று பாடுதலை, உண்மை நிகழ்ச்சியைப் படம்பிடிப்பது போலக் காட்டுவதே கதை. 2002-இல் இப்படம் அமெரிக்க நாட்டின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றது.

இதனைச் சுவைத்தற்கு ராக் இசையின் வரலாறு வேண்டுமோ? நைஜல் என்னும் கிதார்க் கலைஞன், தன் ஒலிபெருக்கியில் 10-க்கு மேல் 11 என்னும் எண்ணும் இருத்தலைக் காட்டிப் பெருமிதங் கொள்கிறான். பத்தையே மிகுந்த ஒலியுடையதாக அமைத்தலாகாதோ என வினவப்பட்டபோது, சற்றே திகைத்து, முன் கூறியதையே மீண்டும் கூறுகிறான். ஸ்டோன்ஹெஞ்ச் என்னும் பழங் கற்சின்னத்தின் உருவை மேடைக்கென வரைந்தவன் 18 அடியென்பதற்கு 18 அங்குலம் எனக் குறித்துவிட, முழங்காலளவே உள்ள கல்வாயில் மேடையில் இறங்குகிறது. கேளிக்கைப் பூங்கா ஒன்றின் விளம்பரப் பலகையிலோ, பொம்மலாட்டத்தின் பெயர் மேலும் இவர்தம் பெயர் கீழுமாக நிற்கின்றன. நகை பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியர் வகுத்த நான்கனுள் பேதைமையும் ஒன்று. அது எந்நாட்டார்க்கும் பொது. அதனை விளக்க உரையாசிரியர் வேண்டா.

மேலும், வேண்டுமளவு வரலாற்றை அப்படமே ஊட்டுகிறது. 1960-களில் துள்ளற் பாட்டுப் பாடிய அதே குழுவினர், 1967-இல் மலர்களைப் போற்றிப் பாடி, பின்னர் ஹெவி மெட்டல் என்னும் பேரொலி இசையைக் கைக்கொண்டமையைச் சிறுசிறு காட்சிகளாற் காண்கிறோம். காலத்தின் பின் ஓடுவோர் இவர் என்பது தானே விளங்கும்.

கற்றார்க்கு இன்பம் மிகும் என்பதை மறுப்பாரில்லை. பிளாக் சபாத் என்னும் குழுவினர் 1983-இல் செய்வித்த ஸ்டோன்ஹெஞ்ச் உருவம் அரங்குகளில் அடங்காத அளவு பெரிதாயிருந்ததை அறிந்தார்க்கு அக்காட்சி வேறோரின்பமும் தரும். ஆயினும் அஃது உணவின்மேற் பெய்த நெய், உணவன்று.

ஈண்டு ஓர் எல்லை உண்டு. இப்படத்தைக் கண்ட ஒருவன், ராக் இசை முழுதும் இத்தகைய வெற்றாரவாரமே என்று தீர்ப்புக் கூறுவானாயின், அவன் வரம்பு கடந்தவனாவன். குறையைப் பெருக்கிக் காட்டுதலே பரிகாசத்தின் தொழில். நிறையை அளத்தல் அதன் தொழிலன்று. நடித்தவர்களே பாடல்களை இயற்றி, பாடி, கருவிகளையும் இசைத்தனர். இகழ்ச்சி ஒன்றே கொண்டார்க்கு அத்துணை உழைப்பு கூடுமோ? இன்புறுதற்கு வரலாறு வேண்டா. தீர்ப்பளித்தற்கு அஃது இன்றியமையாதது.

ஆதலின், மாணவ நண்பர்காள், அறியேம் என நாணி நகையை அடக்கற்க. அறிந்தார்போல் நடித்தும் நகையற்க. நகை வந்துழி நகைமின். பின்னர், எதனைக் கண்டு நகைத்தோமோ அதனைக் கற்க முயல்மின்.