கோடு விழுந்த வீடு

எந்தக் கதைக்கும் மூன்று பாகம் உண்டு: அறிமுகம், சிக்கல், தீர்வு. அமெரிக்காவின் சிட் ஃபீல்ட் இதையே 1979-ல் திரைக்கதைக்குப் பாடமாக எழுதி வைத்தார். நம்ம விசு இயக்கி 1986-ல் வந்த 'சம்சாரம் அது மின்சாரம்' அதில் அப்படியே அடங்கும்.

முதல் பாகம், அம்மையப்ப முதலியாரின் கூட்டுக்குடும்பம். அடுத்து, மூத்த மகன் சிதம்பரத்தோடு பணத் தகராறு முற்றி வீட்டின் நடுவே கோடு விழுகிறது. கடைசியில் மூத்த மருமகள் உமா எல்லோரையும் சேர்த்து வைக்கிறாள்.

அத்தோடு 'சுபம்' போட்டிருந்தால் பத்தோடு பதினொன்று. ஆனால் உமா, தனித்தனியாக இருந்தே பாசமாக இருக்கலாம் என்று சொல்லிவிடுகிறாள். உடைந்ததைப் பழையபடி ஒட்டுவதுதான் தீர்வு என்றில்லை. படத்தின் பலமே அதுதான் என்பேன்.

டி.வி.யில் பார்த்த அம்மாவுக்கு இது பிடிக்கல. "சேர்ந்தப்புறம் எதுக்குடா பிரியணும்?" என்றார்.

எங்க வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். அண்ணன் லேத் பட்டறையில் உழைத்துத்தான் என் ஃபீஸ் கட்டுகிறார். நாளைக்கு எனக்கு வெளியூரில் வேலை கிடைத்தால், யார் எவ்வளவு கொடுத்தோம் என்ற பேச்சு வராதா? சிதம்பரம் கெட்டவனில்லை, கணக்குப் பார்த்தவன். கோடு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதல் சம்பளத்தை எண்ணாமல் அண்ணன் கையில் கொடுப்பேன். அப்புறம் நான் எந்த ஊரில் இருந்தாலும் எங்க வீடு ஒண்ணுதான்!