வன்தட்டுக்கும் உணவு வேண்டும்

ஓலைச்சுவடிகளைப் பூச்சி அரிக்காதிருக்க எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசிக் காத்தனர் நம் முன்னோர். நாமோ பழைய சிற்றிதழ்களை ஒளிவருடி வன்தட்டில் இட்டதும் கடமை முடிந்ததென்று அமைதி கொள்கிறோம். அத்தட்டுகளுக்குப் போதிய மின்சாரம் கிடைக்கிறதா என்று கேட்பார் இல்லை. கேட்டாக வேண்டும் என்பதே எம் கருத்து. பட்டறிந்தே கூறுகிறோம்.

இதழ் சேகரிக்கும் நாங்கள் சிலர், பழைய கணினி ஒன்றில் நான்கு வன்தட்டுகளைப் பொருத்தி, வீட்டிலேயே ஒரு சேமிப்பகம் அமைத்தோம். சில வாரங்களில், தொடங்கும்போதெல்லாம் ஏதேனும் ஒரு தட்டு காணாமற்போகும். மறுமுறை தொடங்கினால் திரும்பி வரும். தட்டில்தான் பழுதென்று புதிதாக ஒன்று வாங்கினோம். மாற்றமில்லை. ஓரிரவு இரண்டு தட்டுகள் ஒருங்கே நின்றன. பெரும்பாலான கோப்புகளை மீட்டோம். ஓர் இதழின் பதினொரு திங்கள் தொகுதி மட்டும் மீளவில்லை. அதன் தாள்கள் ஒளிவருடும்போதே பொடிந்துபோனவை.

பிழை தட்டில் இல்லை, எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இருந்தது. 3.5 அங்குல வன்தட்டு ஓடும்போது ஏறத்தாழ 5 முதல் 9 வாட் கொள்ளும். நின்ற தட்டு சுழலத் தொடங்கும் சில நொடிகளிலோ, 12 வோல்ட் வழியில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். நான்கும் ஒருசேர எழுந்தால் 8 ஆம்பியர். அதாவது 96 வாட். எங்கள் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மேல் 300 வாட் என்று பெரிதாக எழுதியிருந்தது. உள்ளே 12 வோல்ட்டுக்கு ஒதுக்கியது 10 ஆம்பியரே. அதிலும் மதர்போர்டுக்குப் பங்குண்டு.

அதனினும் பெரிய பிழை ஒன்று செய்திருந்தோம். ஒரே சாட்டா முனையிலிருந்து நான்கு கிளை பிரியும் மலிவான கம்பியைப் பூட்டியிருந்தோம். அம்முனையில் 12 வோல்ட்டுக்குரிய ஊசிகள் மூன்று. ஒவ்வொன்றின் தாங்குதிறன் 1.5 ஆம்பியர். ஆக 4.5 ஆம்பியர் செல்லத்தக்க வழியில் எட்டைச் செலுத்தினோம். கழற்றிப் பார்த்தபோது நெகிழி உருகிக் கருகியிருந்தது. வீடு தீப்பற்றாதது எம் நல்லூழ்.

“ஒரே கோப்பு இரு தட்டுகளில் இருக்கிறதே, அச்சமென்ன?” என்பார் உளர். இரண்டுக்கும் உணவூட்டும் கை ஒன்றாயின், அக்கை தளரும்போது இரண்டும் ஒருங்கே வீழும். எனவே மற்றொரு படி வேறு வீட்டில் இருத்தல் வேண்டும்.

எத்தனை டெராபைட் என்று பெருமை பேசுவதற்கு முன், எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பக்கவாட்டுச் சீட்டில் 12 வோல்ட்டுக்கு நேரே உள்ள எண்ணைப் படியுங்கள். தட்டுக்கு 2 ஆம்பியர் எனப் பெருக்கி, மதர்போர்டின் பங்கையும் கூட்டி, அதற்கு மேலும் சிறிது மிச்சம் வையுங்கள். தட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சுழற்றும் வசதி கருவியில் இருப்பின் அதனை இயக்குங்கள். அடுத்த வன்தட்டுக்கென எடுத்துவைத்த பணத்தில் நாங்கள் நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை வாங்கினோம். அதை முதலிலேயே செய்திருந்தால் அந்தப் பதினொரு இதழ்களை இன்று நீங்களும் படித்திருப்பீர்கள்.