ஒன்றரை மணி நேர சிம்பொனியில் நாலு நிமிடம்: சிறுவர் கோரஸ் படும் பாடு

மாலரின் 3-வது சிம்பொனி ஒன்றரை மணி நேரம் ஓடும். அதில் சிறுவர் கோரஸ் பாடுவது ஐந்தாவது பகுதியில் மட்டும். சுமார் நாலு நிமிடம். அதற்குப் பல நாள் ஒத்திகை, மேடையில் அசையாமல் காத்திருப்பு, மறுநாள் காலை ஸ்கூல். ஆர்கெஸ்ட்ராக்காரர்களுக்கு இது சம்பள வேலை. பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அப்படி இல்லை. ‘சும்மா அலங்காரத்துக்கு நிறுத்துறாங்க’ என்ற புகார் வருவது இதனால்தான்.

முழுக்க அப்படிச் சொல்லிவிட முடியாது. 9/11-ல் இறந்தவர்களுக்காக ஜான் ஆடம்ஸ் எழுதிய படைப்பை, 2002 செப்டம்பரில் நியூயார்க் பில்ஹார்மோனிக் அரங்கேற்றியபோது புரூக்ளின் யூத் கோரஸும் பாடியது. 2003-ல் அதற்குப் புலிட்சர். ஒலிப்பதிவுக்கு 2005-ல் கிராமி. பிள்ளைகளின் குரலை எடுத்துவிட்டால் அந்தப் படைப்பே நிற்காது.

என் கேள்வி எண்ணிக்கை பற்றியது. டிசம்பர் வந்தால் ‘நட்கிராக்கர்’ வேறு (அதிலும் ஒரு வால்ட்ஸுக்குச் சிறுவர் குரல் வேணும்). சீசன் இப்படியே நிரம்பினால் கோரஸ் தன் சொந்தக் கச்சேரிக்கு எப்போ தயாராகும்? குரல் உடையும் வயசுப் பையன்களுக்கு ஓய்வு எப்போ?

பெரிய ஆர்கெஸ்ட்ரா கூப்பிட்டால் மறுக்க யாருக்கும் மனசு வராது. சீசனுக்கு இத்தனைதான் என்று பெற்றோரையும் கேட்டு முதல்லயே எழுதி வைக்கலாமே. பிள்ளைகளின் பஸ் செலவையாவது ஆர்கெஸ்ட்ரா கொடுக்கட்டும்.