ஓடைக்கும் ஒரு கூண்டு வேண்டும்

மணப்பாட்டில் வானம் தெளிந்திருக்கும் நாளிலும் வள்ளங்கள் கரையிலேயே நிற்பதுண்டு. வங்கக் கடலில் எங்கோ தாழ்வு மண்டலம் உருவானதும் தூத்துக்குடி துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறும். மீன்வளத் துறை கடலுக்குப் போகாதே என்னும். கண்ணுக்கு எட்டாத காற்றுக்காகத் தொழிலை நிறுத்தும் இந்த ஒழுங்கு கடற்கரைக்குப் பழகிப்போனது. இதே கரையிலிருந்து வேன் பிடித்து அருவிக் குளியலுக்குப் போகிறவர்களுக்கோ, தலைக்கு மேல் வானம் எப்படி இருக்கிறது என்பதே பெரும்பாலும் எச்சரிக்கை.

அது போதாது என்பதற்கு 2024 மே 17 சாட்சி. அன்று பழைய குற்றாலத்தில் திடீரென இறங்கிய வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரை அடித்துச் சென்றது. அருவியடியில் பெய்யும் மழையைவிட மேலே மலையில் பெய்வதே ஆளைக் கொல்லும். பாறை நீரை உறிஞ்சாது. ஓடை ஒடுங்கும் இடத்தில் வெள்ளத்துக்குப் பரவ வழியில்லை, உயரத்தான் முடியும். இருபுறமும் செங்குத்தாகப் பாறை நிற்கும் இடுக்கில் ஓடை நீரிலேயே நடந்து அருவிக்குப் போகிறவர்களுக்கு ஏறித் தப்பக் கரையும் இராது. அமெரிக்காவின் அரிசோனாவில், ஆன்டிலோப் மலையிடுக்கில், 1997 ஆகஸ்ட் 12 அன்று 11 பேர் இப்படித்தான் மாண்டார்கள். புயல் மழை கொட்டியது பல மைல் மேலே. அந்நிலத்துக்குரிய நவஹோ பழங்குடியினர் இடுக்கை நிரந்தரமாக மூடிவிடவில்லை. ஆனால் இன்று வழிகாட்டி இல்லாமல் எவரும் உள்ளே இறங்க முடியாது.

தடை போட்டால் வேலை முடிந்தது என்பார்கள். வெள்ளம் பாயும் நாளில் தடை வேண்டியதுதான். அதையே ஆண்டு முழுவதற்குமான கொள்கையாக்கினால், ஆசைப்பட்டவர்கள் காவல் இல்லாத பாதையில் ஏறுவார்கள். அங்கே சிக்கினால் தேடவும் ஆளிருக்காது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ 23 உயிர்களைக் குடித்தபின் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசே 40 வழித்தடங்களை, உள்ளூர் வழிகாட்டிகளோடு திறந்தது. நெருப்பிலிருந்து கற்ற அரசால் நீரிலிருந்தும் கற்க முடியும். கடலுக்குக் கூண்டு ஏறுவதுபோல், மேலே மலையில் மழை கொட்டியதும் கீழே ஓடையில் அபாயச் சங்கு ஊத வேண்டும்.

அருவியின் இரைச்சலில் சங்கு கேட்குமா, வெள்ளம் வராத நாளில் ஊதினால் அடுத்த முறை யார் மதிப்பார் என்ற கேள்விகள் நியாயமானவை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, ஆழ்கடலில் இருந்த குமரி மீனவர்களுக்கு எச்சரிக்கை எட்டாததன் விலையைத் தென்கரை அறியும். எனவே சங்கு மட்டும் போதாது. மேலே மழைமானியும் நீர்மட்டமானியும், கீழே சிவப்பு விளக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக, யாரையும் கேட்காமல் கூட்டத்தை வெளியேற்றும் அதிகாரம் பெற்ற காவலரும் வேண்டும். எச்சரிக்கை பொய்த்தால் மீனவருக்குப் போவது ஒரு நாள் கூலி. அதையே அவர் பொறுத்துக்கொள்கிறார். சுற்றுலா வந்தவருக்குப் போவது ஒரு குளியல், அவ்வளவே.

குற்றாலத்தில் சாரல் தொடங்குவது ஜூனில். மழை அளவை நொடிக்கு நொடி கீழே அனுப்பும் கருவிகள் மக்கள் இறங்கும் ஒவ்வோர் ஓடையின் தலைமாட்டிலும் அதற்குள் நிற்க வேண்டும். வனத் துறையும் மாவட்ட நிர்வாகங்களும் இதை அடுத்த சாவுக்குப் பின் ஆய்வு செய்யக் கூடாது. இப்போதே பணம் ஒதுக்க வேண்டும்.