கிர்கிஸ்தான்: மலை பிரித்ததை ரயில் சேர்க்குமா?

கிர்கிஸ்தானின் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து தெற்கிலுள்ள ஓஷ் நகருக்குச் சில ஆண்டுகளுக்கு முன் காரில் பயணம் செய்தேன். நேர்கோட்டில் அளந்தால் இடைவெளி சுமார் 300 கி.மீ. தான்; சாலையிலோ ஏறத்தாழ 670 கி.மீ. அந்த நாட்டின் பொருளாதாரச் சிக்கல் முழுவதையும் இவ்விரு எண்களுக்கு இடையிலான வேறுபாடே உணர்த்திவிடும்.

கிர்கிஸ்தானின் நிலப்பரப்பில் 90 சதவீதத்துக்கும் மேல் 1,500 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. பிஷ்கெக்கை விட்டகன்ற சில மணி நேரத்தில், 3,000 மீட்டருக்கும் உயரத்தில் மலையைக் குடைந்து செல்லும் தோ-அஷூ சுரங்கப்பாதையில் நுழைந்தோம். அதைக் கடந்ததும் சூசமிர் பள்ளத்தாக்கு. மேயும் குதிரைகள், கம்பளிக் கூடாரங்கள், சாலையோரத்தில் விற்பனைக்கு வைக்கப்பட்ட குமிஸ் எனும் புளித்த குதிரைப்பால். பின்னர் அலா-பெல் கணவாய் ஏறி இறங்கி, தொக்தகுல் நீர்த்தேக்கத்தைச் சுற்றிவந்து, நாரின் ஆற்றை ஒட்டி ஃபெர்கானா சமவெளியின் விளிம்பை அடைந்தோம். குளிர்காலத்தில் பனிச்சரிவு ஏற்பட்டால் இந்தச் சாலை அடைபடும். நாட்டின் வடக்கும் தெற்கும் துண்டிக்கப்படும்.

சோவியத் காலத்தில் இச்சாலையின் சில பகுதிகள் உஸ்பெக் மண்ணின் வழியே சென்றன. 1991இல் உள்ளெல்லைகள் நாட்டெல்லைகளாக மாறியபோது, சுற்றுப்பாதைகள் அமைக்க நேர்ந்தது. அத்தோடு, பாலிக்சி, கோச்கோர் வழியாக ஜலாலாபாத்துக்கு இன்னொரு சாலையும் தேவைப்பட்டது. இதற்குப் பெருமளவு நிதி சீனாவின் எக்ஸிம் வங்கியிலிருந்து கடனாக வந்தது.

ரயில் பாதையின் நிலை இன்னும் விசித்திரமானது. வடபகுதித் தண்டவாளம் கஜகஸ்தானோடும், தென்பகுதித் தண்டவாளங்கள் உஸ்பெகிஸ்தானோடும் இணைந்துள்ளன, ஒன்றோடொன்று இணையவில்லை. இந்தச் சூழலில்தான் 2024 டிசம்பர் 27 அன்று சீனா-கிர்கிஸ்தான்-உஸ்பெகிஸ்தான் ரயில் திட்டம் ஜலாலாபாத்தில் தொடங்கிவைக்கப்பட்டது. மதிப்பீடு சுமார் 470 கோடி டாலர். இதில் பாதி சீனக் கடன். திட்ட நிறுவனத்தில் சீனாவின் பங்கு 51 சதவீதம். மற்ற இரு நாடுகளுக்கும் தலா 24.5 சதவீதம்.

இத்திட்டத்தை எதிர்ப்பது என் நோக்கமன்று. கடலற்ற நாட்டுக்கு அண்டை நாடுகளின் பாதைகளே துறைமுகம். 2025 மார்ச்சில் தஜிகிஸ்தானுடனான எல்லைத் தகராறு ஒப்பந்தத்தின் மூலம் தீர்ந்திருப்பதும் நம்பிக்கை தருகிறது. ஆனால், காஷ்கரிலிருந்து ஏறும் சரக்கு ஆந்திஜானில் இறங்குமானால், இடையிலுள்ள நாட்டுக்குக் கிடைப்பது கடவுக் கட்டணம் மட்டுமே. அதைக் கொண்டு கடனை அடைத்த பிறகு மிஞ்சுவது என்ன?

விடை மக்மலில் இருக்கிறது. சீனாவின் 1,435 மி.மீ. பாதையிலிருந்து சோவியத் மரபின் 1,520 மி.மீ. பாதைக்குச் சரக்கு மாற வேண்டிய இடம் அது. அங்கே கிடங்குகளும், பதப்படுத்தும் தொழில்களும், பழுதுபார்க்கும் பட்டறைகளும் அமைந்தால் நாரின் பகுதி இளைஞர்கள் ரஷ்யாவுக்குக் கூலி வேலை தேடிச் செல்வது குறையும். பாலிக்சியிலிருந்து கோச்கோர் நோக்கி அமைக்கப்பட்டுவரும் பாதையும் மக்மல்வரை நீள வேண்டும். அப்போதுதான் வடக்கும் தெற்கும் முதன்முறையாகச் சொந்த மண்ணிலேயே தண்டவாளத்தால் இணையும்.

கிழக்கையும் மேற்கையும் இணைப்பது அண்டை நாடுகளின் தேவை. வடக்கையும் தெற்கையும் இணைப்பதே கிர்கிஸ்தானின் தேவை. கடன் சுமையை ஏற்கும் அரசு, இரண்டாவதை முதன்மையாகக் கொள்ள வேண்டும்.