மதிலைத் தாண்டும் வைஃபை



போடிநாயக்கனூரின் பல தெருக்களில் வீடுகள் ஒன்றோடொன்று சுவர் சேர்ந்து நிற்கின்றன. ஒரு வீட்டின் வைஃபை அடுத்த வீட்டு அடுக்களை வரை எட்டுகிறது. பெற்றோர் விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குச் சென்றுவிட, வீட்டிலிருக்கும் பிள்ளை பாடத்திற்காக அண்டை வீட்டாரிடம் கடவுச்சொல் கேட்கிறது. கொடுக்கலாமா? உதவவே வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் எதைக் கொடுக்கிறோம் என்பதை அறிந்து கொடுக்க வேண்டும்.

கடவுச்சொல்லோடு இணையம் மட்டும் செல்வதில்லை. ஒரே வைஃபையில் இணைந்த கருவிகள் பொதுவாக ஒன்றையொன்று காணக்கூடியவை. அதனால்தான் உங்கள் கைப்பேசியிலுள்ள படம் தொலைக்காட்சியில் தெரிகிறது. பிரிண்டர் தாளை அச்சிடுகிறது. அதே வழியில், தீய செயலி புகுந்த வேறொரு கைப்பேசி, உங்கள் வாசல் கேமராவின் மாற்றப்படாத பழைய கடவுச்சொல்லையும் தேடிப் பார்க்கக்கூடும்.

இன்னொன்றும் உண்டு. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சற்று முன்பு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. அது நவி மும்பையில் வாழ்ந்த ஓர் அமெரிக்கரின் இணைப்பிலிருந்து சென்றிருந்தது. அவருடைய பாதுகாப்பற்ற வைஃபையைப் பிறர் பயன்படுத்தியிருந்தனர். ஆயினும் விசாரணை முதலில் அவர் வாசலுக்கே வந்தது. இணைப்பு யார் பெயரில் உள்ளதோ, அவரே பதில் சொல்ல வேண்டியவராகிறார்.

நல்ல சமாரியனை நினைத்துப் பாருங்கள். காயப்பட்டவனைச் சத்திரத்தில் சேர்த்து இரண்டு பணம் கொடுத்ததோடு அவன் நின்றுவிடவில்லை. மேற்கொண்டு ஆகும் செலவுக்கும் தானே பொறுப்பேற்றான். ஈகையும் பொறுப்பும் அவனிடத்தில் பிரியாதிருந்தன.

ஆகவே, இவற்றைச் செய்யுங்கள். பல ரவுட்டர்களில் ‘கெஸ்ட் நெட்வொர்க்’ என்னும் வசதி உள்ளது. அதற்குத் தனிப் பெயரும் தனிக் கடவுச்சொல்லும் வைத்தால், வருபவருக்கு இணையம் கிடைக்கும். வீட்டுக் கருவிகள் விலகி நிற்கும். ரவுட்டரோடு வந்த நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். பாதுகாப்பு முறையை டபிள்யூ.பி.ஏ.2 அல்லது டபிள்யூ.பி.ஏ.3 என வையுங்கள். பிற வீட்டாரோடு பகிர உங்கள் திட்டம் இடமளிக்கிறதா என்று இணைப்பு தந்தவரிடம் கேளுங்கள்.

கெஸ்ட் நெட்வொர்க் கருவிகளைக் காக்குமேயன்றி, உங்கள் பொறுப்பை நீக்காது. வெளியுலகுக்கு அதுவும் உங்கள் இணைப்பே. ஆதலால் முன்பின் அறியாதவருக்கு அதைத் திறந்துவிட வேண்டாம். அத்தகைய பொதுத் தேவைக்கென்றே, 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ‘பிஎம்-வாணி’ திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. அதன் வழியே தேநீர்க் கடைக்காரரும் உரிமக் கட்டணமின்றிப் பொது வைஃபை வழங்கலாம். மலைச்சரிவுகளில் கடை நடத்துவோர் இதைச் சிந்திக்கலாம்.

அண்டை வீட்டுப் பிள்ளைக்கோ இதைவிட எளிய வழி ஒன்று உண்டு. கடவுச்சொல்லை மதிலுக்கு அப்பால் அனுப்பாமல், பிள்ளையை உங்கள் திண்ணைக்கு அழையுங்கள். அங்கே இணையத்தோடு வெளிச்சமும், உட்கார இடமும், ‘சாப்பிட்டாயா?’ என்று கேட்க ஒருவரும் இருப்பார்கள். தாய் தோட்டத்திலிருந்து திரும்பும்வரை அந்தப் பிள்ளைக்கு வேண்டியது பாடம் மட்டுமல்லவே.