ஏமாந்ததில் எத்தனை சந்தோஷம்!



சுவர் இதழ் என்றாலே "எனக்குப் பிடித்த நடிகர்", "என்னைக் கவர்ந்த படம்" என்றுதான் நாம் எழுதுவோம். இந்தத் தடவை கொஞ்சம் மாத்தி யோசிச்சேன். "இது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது" என்று முடிவு கட்டிவிட்டுப் பார்க்க உட்கார்ந்து, கடைசியில் மனசைப் பறிகொடுத்த படங்கள் உங்களுக்கும் இருக்கும்தானே? அதைப்பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மாம்பழ சீசனில் சேலம் போனால் தளதளன்னு மஞ்சளா இருக்கிற பழத்தைத்தான் எல்லோரும் எடுப்போம். வீட்டுக்கு வந்து அறுத்தால் சில சமயம் புளிக்கும். கறுப்புப் புள்ளி விழுந்து, யாரும் சீந்தாமல் கூடையில் கிடந்தது தேனாக இனிக்கும். சினிமாவும் அப்படித்தான். போஸ்டர் பார்த்து ஏமாந்த கதை நிறைய உண்டு. ஆனால் நல்லபடியா ஏமாந்த கதையை யாரும் எழுதறதில்லை!

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

ஊமைப் படம் பேசியது

நான் ஆறாம் வகுப்பு படித்தபோது, 2022-ல், அரசுப் பள்ளிகளில் மாதம் ஒரு சிறார் திரைப்படம் காட்டும் திட்டம் வந்தது ஞாபகம் இருக்கிறதா? நம் பள்ளி ஹாலில் ஜன்னலை எல்லாம் சாத்தி, புரொஜெக்டரை வைத்து, எங்களை வரிசையாகத் தரையில் உட்கார வைத்தார்கள். நாங்கள் எல்லாம் ஏதோ விஜய் படம், அட்லீஸ்ட் ஒரு கார்ட்டூன் படம் என்று கனவு கண்டுகொண்டிருந்தோம். திரையில் வந்தது என்ன? கறுப்பு வெள்ளை! அதுவும் பேச்சே இல்லாத படம்! சார்லி சாப்ளினின் "தி கிட்".

"ஓஓஓ..." என்று ஹாலே கத்தியது. அதில் முதல் குரல் என்னுடையது. "சார், இது எங்க கொள்ளுத்தாத்தா காலத்துப் படம் சார்" என்று கத்தியதும் நான்தான். உண்மையில் கணக்கு சரிதான். அந்தப் படம் வெளிவந்தது 1921-ல்!

சார் எதுவும் திட்டவில்லை. "பத்து நிமிஷம் பொறுத்துக்கோங்க. பிடிக்கலைன்னா நிறுத்திடறேன்" என்றார். நடுவில் வருகிற ஆங்கில எழுத்துகளை மட்டும் தமிழில் படித்துச் சொன்னார்.

கதை இதுதான். தெருவில் கிடந்த ஒரு குழந்தையை ஒரு ஏழை எடுத்து வளர்க்கிறான். பையனுக்கு ஐந்து வயதாகிறது. இருவரும் சேர்ந்து ஒரு தொழில் செய்கிறார்கள். பையன் முன்னாடி போய்க் கல்லால் அடித்து வீட்டு ஜன்னல் கண்ணாடியை உடைப்பான். கொஞ்ச நேரத்தில், ஒன்றும் தெரியாதவர் போல, முதுகில் கண்ணாடியைச் சுமந்துகொண்டு சாப்ளின் அந்தப் பக்கம் வருவார்! அந்தக் காட்சியில் விழுந்து விழுந்து சிரித்த ஹால், அப்புறம் கத்தவே இல்லை.

பிறகு அநாதை விடுதி ஆட்கள் வந்து பையனைப் பிடித்து வண்டியில் ஏற்றுகிறார்கள். அவன் கையை நீட்டி அழுகிறான். சத்தம் கிடையாது, ஆனால் நமக்குக் கேட்கும். சாப்ளின் வீட்டுக் கூரைகள் மேலேயே ஓடி வந்து, வண்டிக்குள் குதித்து, பையனைக் கட்டிக்கொள்வார். நான் திரும்பிப் பார்த்தேன். என் வரிசையில் பாதிப் பேர் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஹாஸ்டலில் இருந்து வருகிற பையன் ஒருவன், வகுப்பில் வாயே திறக்க மாட்டான், அவன் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தான்.

மறுநாளிலிருந்து அவன்தான் எங்கள் வகுப்பின் சாப்ளின்! ஸ்கேலை முதுகில் வைத்துக்கொண்டு கண்ணாடிக்காரர் மாதிரி நடந்து காட்டுவான். "இவனுக்குப் பேசவே வராது" என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது எவ்வளவு பெரிய தப்பு! பின்னாளில்தான் தெரிந்துகொண்டேன், சாப்ளினும் சின்ன வயதில் லண்டனில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான பள்ளியில் இருந்தவராம்.

பத்து நிமிஷத்தில் படத்தை நிறுத்தியிருந்தால் நாங்கள் எதை இழந்திருப்போம் என்று இப்போது நினைத்தாலும் பக்கென்கிறது.

"பாட்டு எப்பப்பா வரும்?"

எங்கள் அப்புச்சி திருச்செங்கோட்டில் தறி ஓட்டியவர், சிவாஜி ரசிகர். அவரோடு போன லீவில் "அந்த நாள்" படம் பார்த்தேன். 1954-ல் ஏவி.எம். எடுத்தது, இயக்கியவர் வீணை எஸ்.பாலசந்தர். சிவாஜி படம் என்றால் நாலு பாட்டு, நீளமான வசனம், அழுகை எல்லாம் இருக்கும் என்று உட்கார்ந்தேன். படம் ஆரம்பித்ததும் ஒரு துப்பாக்கிச் சத்தம். செத்து விழுவது யார்? சிவாஜியேதான்! அப்புறம் இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் சென்னையில், அவரைச் சுட்டது யார் என்று ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். கடைசி வரைக்கும் ஒரு பாட்டு கூடக் கிடையாது. தமிழில் பாட்டே இல்லாமல் வந்த முதல் பேசும் படம் இதுதான். சுட்டது யார் என்று நான் சொல்ல மாட்டேன், பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்!

"அந்தக் காலத்துல ஜனங்க கொட்டாய்ல உக்காந்து, பாட்டு எப்பப்பா வரும்னு கேட்டாங்களாம் கண்ணு" என்றார் அப்புச்சி. படம் அன்றைக்குப் பெரிதாக ஓடவில்லை. ஆனால் எழுபது வருஷம் கழித்து ஒரு ஒன்பதாம் வகுப்பு மாணவி நகம் கடித்துக்கொண்டு பார்க்கிறாள் என்றால், ஜெயித்தது யார்?

அப்புச்சி இன்னொன்றும் சொன்னார். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸை 1930-களில் தொடங்கிய டி.ஆர்.சுந்தரம் நம் திருச்செங்கோட்டுக்காரர். இங்கிலாந்துக்குப் போய்ப் படித்தது ஜவுளித் தொழில் சம்பந்தமான படிப்பு. திரும்பி வந்து துணி வியாபாரம் பார்ப்பார் என்று இருந்தவர்களுக்கு, மனுஷர் ஸ்டுடியோவே கட்டிக் காட்டினார்! சென்னையில்தான் படம் எடுக்க முடியும் என்பதை உடைத்து, நூறு படங்களுக்கு மேல் சேலத்திலேயே எடுத்தார்கள். மலையாளத்தின் முதல் பேசும் படமான "பாலன்" (1938) நம்ம சேலத்தில் உருவானது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான "அலிபாபாவும் 40 திருடர்களும்" (1956) அவர்கள் எடுத்ததுதான். ஏற்காடு போகிற ரோட்டில் அந்த முகப்பு வளைவு மட்டும் மிச்சம் நிற்கிறது. அடுத்த தடவை பஸ்ஸில் போகும்போது எட்டிப் பாருங்கள்.

ஓடாது என்றார்கள், ஓடியது!

"சேது" (1999) படத்தை எடுத்து முடித்த பிறகு வாங்குவதற்கு ஆளில்லை. இயக்குநர் பாலாவுக்கு அது முதல் படம். விக்ரம் 1990-லிருந்தே நடித்துக்கொண்டிருந்தும் பெரிய பேர் கிடைக்கவில்லை. சில தியேட்டர்களில் மட்டும் வெளியாகி, கூட்டமில்லாமல் தொடங்கி, பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லியே படம் எழுந்து நின்றது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் வாங்கியது. அதற்கு முன்னால் "16 வயதினிலே" (1977) படத்துக்கும் இதே கதைதான். அழகான கமலைக் கோவணம் கட்ட வைத்தால் யார் பார்ப்பார்கள் என்று விநியோகஸ்தர்கள் ஒதுங்க, தயாரிப்பாளர் எஸ்.ஏ.ராஜ்கண்ணு தானே துணிந்து வெளியிட்டார். பாரதிராஜா என்ற பேர் அப்படித்தான் ஊருக்குத் தெரிந்தது.

2015-ல் வந்த "காக்கா முட்டை" எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்த படம். எம்.மணிகண்டன் இயக்கியது. சென்னைக் குடிசைப் பகுதியில் அண்ணன் தம்பி இரண்டு பேர். ரயில் பாதையோரம் கரி பொறுக்கி, பைசா பைசாவாகச் சேர்த்து, ஒரு பீட்சா சாப்பிட ஆசைப்படுகிறார்கள். கடைக்குள்ளேயே விட மாட்டேன் என்கிறார்கள், அடியும் விழுகிறது. "கடைசியில் சாப்பிட்டுவிடுவார்கள், சந்தோஷப்படுவார்கள், சுபம்" என்றுதான் எதிர்பார்த்தேன். சாப்பிடத்தான் செய்கிறார்கள். ஆனால் வாயில் வைத்ததும் முகம் மாறுகிறது. ஆயா சுட்ட தோசையே இதைவிட நல்லா இருந்துச்சே என்கிறார்கள்! நான் சிரித்தேன், அப்புறம் யோசித்தேன். எத்தனை விளம்பரம் பார்த்து எதெதுக்கெல்லாம் அம்மாவிடம் அடம் பிடித்திருக்கிறேன்! நடித்த இரண்டு சிறுவர்களுக்கும் தேசிய விருது கிடைத்தது. சிறந்த குழந்தைகள் படம் என்ற விருதும் கிடைத்தது.

டி.வி.யும் லேசுப்பட்டதில்லை. 1990-களில் வந்த "மர்மதேசம் - விடாது கருப்பு" தொடரைப் பற்றி அம்மா இன்னும் பேசுவார். இந்திரா செளந்தர்ராஜன் எழுதி, நாகா இயக்கியது. குதிரைச் சத்தம் கேட்டாலே போர்வைக்குள் ஒளிந்துகொள்வாராம். கருப்பசாமிதான் தண்டிக்கிறார் என்று ஊரே பயந்து பார்க்க, கதை போய் முடிந்த இடமோ மனிதனின் மனநோய்! "சாமி கதைன்னு உக்காந்தோம், சயின்ஸ் பாடம் நடத்திட்டாங்க" என்பார் அம்மா.

கடைசியாக எங்கள் அப்பா. லாரி ஓட்டுகிறார், மாதத்தில் நாலைந்து நாள்தான் வீட்டில் இருப்பார். 2025 மே மாதம் "டூரிஸ்ட் ஃபேமிலி" போகலாம் என்று கேட்டேன். "ஏஞ்சாமி, இலங்கையில இருந்து தப்பிச்சு வர்றவங்க கதைன்னா அழுவாச்சியா இருக்கும். வீட்டுக்கு வர்றதே நாலு நாளு, அதுலயும் அழுவணுமா?" என்றார். மே 1 அன்று சூர்யாவின் "ரெட்ரோ"வும் வந்திருந்தது, அப்பாவுக்கு அதுக்குத்தான் ஆசை. நான் விடவில்லை. அபிஷன் ஜீவிந்த் என்ற அறிமுக இயக்குநரின் படம், சசிகுமாரும் சிம்ரனும் நடித்தது. அப்பா சிரித்த சிரிப்பில் முன் சீட்டுக்காரரே திரும்பிப் பார்த்தார்! சிரித்துக்கொண்டே இருந்தவர், முன்பின் தெரியாத தெரு ஜனங்கள் அந்தக் குடும்பத்தோடு ஒட்டிக்கொள்கிற இடத்தில் அமைதியாகிவிட்டார். வரும்போது, "எந்த ஊருக்கு லோடு எடுத்துட்டுப் போனாலும் நமக்கும் யாராச்சும் தண்ணி குடுக்கறாங்கல்ல" என்று மட்டும் சொன்னார். ஒரு சின்னப் படம் பெரிய படத்துக்கு நடுவில் வெற்றி பெற்றதற்கு என் அப்பா மாதிரி ஆட்கள்தான் காரணம்.

இதில் யார் ஏமாந்தது?

நண்பர்களே, இந்தப் படங்களை எல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. "இது ஓடாது" என்று சொன்னவர்கள் படத்தை மட்டும் குறைவாக எடை போடவில்லை. பார்க்கப்போகிற நம்மையும் குறைவாகத்தான் எடை போட்டார்கள். "ஜனங்களுக்குப் பாட்டும் சண்டையும் போதும்", "பசங்களுக்குக் கார்ட்டூன் போதும்" என்று அவர்களே முடிவு செய்துவிடுகிறார்கள். நாமும் "ஆமாம், எங்களுக்கு அதுதான் பிடிக்கும்" என்று தலையாட்டி விடுகிறோம். அதனால் ஒரு நல்ல படம் நம்மை ஏமாற்றும்போது, அது நம்மைப் பற்றி நாமே வைத்திருந்த கணக்கைத் திருத்துகிறது. கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகள், இவர்களுக்கு இவ்வளவுதான் தெரியும் என்று நம்மைப் பற்றியும் சிலர் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்களே, அது மட்டும் சரியான கணக்கா என்ன?

உடனே என் தோழி கேட்டாள்: "அப்படின்னா மாஸ் படமே பார்க்கக் கூடாதா?" யார் சொன்னது! ஹீரோ என்ட்ரிக்குப் பேப்பர் கிழித்து எறிகிறவர்களில் நானும் ஒருத்திதான். எதிர்பார்த்தது அப்படியே நடப்பதிலும் ஒரு சுகம் இருக்கு. அதேபோல, மெதுவாகப் போகிற படமெல்லாம் நல்ல படமும் இல்லை, சிலதில் நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்! என் கட்சி ஒன்றே ஒன்றுதான்: பார்க்காமல் தீர்ப்பு சொல்லாதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் ஹாலில் படம் போட்டு ரொம்ப நாளாகிறது. கேட்டால், "நீங்க கத்தறீங்க, அந்த நேரத்துல ஸ்பெஷல் கிளாஸ் வெச்சாலாவது நாலு மார்க் கூட வரும்" என்கிறார்கள். ஆசிரியர்கள் மேல் தப்பில்லை. கத்தியது நாங்கள்தான், அதிலும் முதல் குரல் யாருடையது என்று மேலேயே எழுதிவிட்டேன். அதனால் என் வேண்டுகோள்கள்:

1. மாதம் ஒரு தடவை மறுபடியும் படம் போட அனுமதி வேண்டும். ஸ்பெஷல் கிளாஸுக்கு வேறு நாளில் அரை மணி நேரம் கூடுதலாக உட்காரத் தயார்.

2. நண்பர்களே, முதல் பத்து நிமிஷம் யாரும் "ஓ" போடக் கூடாது. வாயைத் திறந்தால் அடுத்த நாள் கரும்பலகை துடைக்கும் வேலை!

3. படம் முடிந்ததும் "என்ன நினைத்தேன், என்ன நடந்தது" என்று ஆளுக்கு ரெண்டு வரி எழுதி இந்தச் சுவரில் ஒட்டுவோம்.

அந்த ஹாஸ்டல் பையன் இப்போது வேறு பள்ளிக்கு மாறிவிட்டான். ஆனால் அவன் ஸ்கேலைத் தூக்கிக்கொண்டு நடந்த நடை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இன்னும் யார் யாருக்குள்ளே என்னென்ன இருக்கோ, யாருக்குத் தெரியும்? பத்து நிமிஷம் பொறுத்துப் பார்த்தால்தானே தெரியும்!



இப்படிக்கு,
முதலில் கத்தியவள்,
ஒன்பதாம் வகுப்பு, 'ஆ' பிரிவு